ஏவியவர் இங்கே, ஏவல் அங்கே

ஓரிடத்தில் இருப்பவர் வேறோரிடத்தில் ஒரு செயல் நடக்க வேண்டும் என்று சொல் அனுப்புகிறார். அந்தச் சொல்லுக்குப் பொருள் எங்கே முடிவாகிறது: சொன்னவரின் கருத்திலா, அது செயலாகும் இடத்திலா? இந்திய மெய்யியலில் இது பழைய கேள்வி. வேதத்தின் விதிவாக்கியங்களை ஆராய்வதையே தன் பணியாகக் கொண்ட மீமாம்சை, ஏவுபவர் எவரும் இல்லாமலேயே ஏவலுக்குப் பொருள் உண்டு என்றது. பேசுபவரின் கருத்தை அறியாமல் சொல்லின் பொருளை அறிய முடியாது என்று நியாய மரபு மறுத்தது. நூற்றாண்டுகள் நீண்ட அந்த வாதம் ஏடுகளோடு முடிந்துவிடவில்லை. சர்வர்களைப் பராமரிப்பவர்கள் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதித் தொலைவில் உள்ள கணினிகளுக்குக் கட்டளைகளையும் மாறிகளையும் அனுப்பும்போதெல்லாம் அதே கேள்விக்கு ஏதோ ஒரு விடையைத் தருகிறார்கள். விடை தவறும்போது கோப்புகள் அழிகின்றன, பூட்டிய கதவுகள் திறந்துகொள்கின்றன. இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றே. ஏவலின் பொருள் அது செயலாகும் இடத்தில்தான் நிறைவு பெறுகிறது; ஆகவே ஏவுபவரின் கடமை நல்லெண்ணத்தோடு முடிவதில்லை. தன் சொற்களில் எவை இங்கேயே முடிவானவை, எவை அங்கே முடிவாக வேண்டியவை என்று பிரித்து, அந்தப் பிரிவினையைச் சொல்லிலேயே பதித்து அனுப்புவது வரை அந்தக் கடமை நீள்கிறது.

முதற்சான்று கருவியின் அமைப்பிலேயே இருக்கிறது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பு, கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் நிரலாக ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லையும் சூழல் மாறிகளையும் சேர்த்தே கொண்டுவந்தது. ஒரே கணினிக்குள் ஒரு நிரல் இன்னொன்றை இயக்கும்போது, கட்டளையோடு செல்லும் மதிப்புகள் தனித்தனியாகவே கைமாறுகின்றன. ஒன்று எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்ற எல்லை குலையாமல் இயங்குதளத்தின் மையமான கெர்னல் காக்கிறது. சூழல் மாறிகளின் நகலும் தாய் நிரலிடமிருந்து சேய் நிரலுக்குச் சேர்கிறது. தொலைவுக்கு அனுப்பும்போது இந்த இரண்டு பாதுகாப்புகளும் நம்மோடு வருவதில்லை. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, 1995-இல் டாட்டு யூலோனென் எழுதியது, தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் எஸ்எஸ்எச். அது வழியைக் காக்கிறது. எதிர்முனையில் இருப்பது யார் என்று உறுதி செய்கிறது. சொன்ன எழுத்துகள் இடையில் மாறாமல் போய்ச் சேரப் பார்த்துக்கொள்கிறது. ஆனால் எஸ்எஸ்எச் இணைப்பின் விதிகளை வகுத்து 2006-இல் வெளியான ஆர்எஃப்சி 4254 ஆவணத்தின்படி, கட்டளை என்பது எழுத்துகளின் ஒரே தொடர். நாம் தனித்தனியாகத் தந்த சொற்களை எஸ்எஸ்எச் இடைவெளி விட்டு ஒன்றாகக் கோக்கிறது; மறுமுனையில் அந்தப் பயனருக்குரிய ஷெல் அதைப் புதிதாகப் படித்துத் தானே சொல் பிரிக்கிறது. இடைவெளி கொண்ட ஒரு கோப்புப் பெயர் அங்கே இரண்டு பெயர்களாகிவிடும். வேண்டுமென்றே வெறுமையாக அனுப்பிய மதிப்பு அங்கே இருந்த சுவடே தெரியாமல் மறையும். எழுத்தில் ஒன்றுகூடத் தவறாமல் போய்ச் சேர்ந்த சொல், பொருளில் தவறிவிடுகிறது.

இதன் நுட்பம் மேற்கோள் குறிகளில் தெளிவாகத் தெரியும். பயனரின் இல்ல அடைவைக் குறிக்கும் ஹோம் என்ற மாறியை டாலர் குறியிட்டு, இரட்டை மேற்கோளுக்குள் வைத்து அனுப்பினால், இங்குள்ள ஷெல் அதை முதலில் விரித்துவிடுகிறது; அங்கே போவது இங்குள்ள அடைவின் பெயர். அதையே ஒற்றை மேற்கோளுக்குள் வைத்தால் மாறியின் பெயர் பெயராகவே பயணம் செய்து, அங்குள்ள ஷெல்லில் அங்குள்ள அடைவாக விரிகிறது. பல வரிகளை ஒரே வீச்சில் அனுப்ப உதவும் ஹியர் டாக்குமெண்ட் முறையிலும் இதே வேறுபாடு உண்டு: முடிவைக் காட்டும் சொல்லை மேற்கோளுக்குள் வைத்தால் உள்ளிருக்கும் மாறிகள் தொடப்படாமல் போகும்; வைக்காவிட்டால் இங்கேயே விரியும். மெய்யியலாளர் டேவிட் காப்லன், 1989-இல் அச்சான தம் ஆய்வில், நான், இங்கே, இப்போது போன்ற சொற்களுக்கு இரண்டு அடுக்குகள் உண்டு என்று காட்டினார். எந்தச் சூழலிலும் மாறாத ஒரு விதி முதல் அடுக்கு. ஒரு குறிப்பிட்ட சூழலில் அந்த விதி சுட்டுகிற பொருள் இரண்டாவது. ஹோம் என்ற மாறி அத்தகைய சொல். ஒற்றை மேற்கோள் அதன் விதியை அனுப்புகிறது. இரட்டை மேற்கோள் அதன் பொருளை அனுப்புகிறது. இரண்டும் முறையான செயல்களே. எதைச் செய்கிறோம் என்று தெரியாமல் செய்வதுதான் பிழை.

மீமாம்சை இதே நிலையைச் சடங்கில் சந்தித்தது. ஜைமினியின் மீமாம்சா சூத்திரம் 12 அத்தியாயங்கள் கொண்டது. வேதம் சில வேள்விகளை மட்டுமே முழு விவரத்தோடு விதிக்கிறது. அவை பிரகிருதி எனப்படும் மூல வேள்விகள். அவற்றைப் பின்பற்றும் விகிருதி வேள்விகளைச் சுருக்கமாகச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. விடுபட்டவற்றை மூல வேள்வியிலிருந்து கொண்டுவர வேண்டும். அப்படிக் கொண்டுவருவதற்கு அதிதேசம் என்று பெயர். 7, 8-ஆம் அத்தியாயங்கள் அதற்குரியவை. ஓரிடத்துக்கென அமைந்த ஏவல் வேறோரிடத்துக்குப் போகும்போது அதிலுள்ள சொற்கள் என்ன ஆகும் என்பது அடுத்து எழும் கேள்வி. 9-ஆம் அத்தியாயம் ஊஹம் என்ற தலைப்பில் அதற்கு விடை தேடுகிறது. அமாவாசை, பௌர்ணமி வேள்வியில் தானியத்தை எடுத்துவைக்கும்போது சொல்லும் மந்திரத்தில் அக்கினியின் பெயர் வருகிறது. அந்த முறை சூரியனுக்குரிய வேள்விக்குச் செல்லும்போது அக்கினி இருந்த இடத்தில் சூரியனின் பெயர் உரிய வேற்றுமை உருபோடு அமர வேண்டும். பெயரை மாற்றாமல் ஓதினால், ஓதியது பிழையற்ற மந்திரமாக இருந்தும் செயல் தவறான தெய்வத்தை நோக்கிப் போய்விடும். எழுத்துக்கு உண்மையாக இருப்பதும் ஏவலுக்கு உண்மையாக இருப்பதும் வேறு வேறு என்பதை மீமாம்சகர் இந்த இடத்தில் தெளிந்தனர். இலக்கணம் கற்பதன் பயன்களைப் பட்டியலிடும் பதஞ்சலியும் தம் மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே ஊஹத்தைச் சேர்த்திருக்கிறார். சொல்லை இடத்துக்கேற்ப மாற்றுவதற்குச் சொல்லின் உறுப்புகளை அறிந்திருக்க வேண்டும்.

எல்லாச் சொற்களையும் மாற்றலாம் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதே இதில் முக்கியமானது. அதே மந்திரத்தில் சவிதா, அசுவினிகள், பூஷன் ஆகிய பெயர்களும் வருகின்றன. அவை அந்த வேள்வியில் அவி பெறும் தெய்வத்தைச் சுட்டவில்லை. ஆகவே வேள்வி மாறினாலும் அவை மாறுவதில்லை. எந்தச் சொல் செயலின் உறுப்போடு நேரே இணைந்திருக்கிறதோ அது இடத்தோடு மாறும். இணையாத சொல் நிலைத்து நிற்கும். இதற்கு மேலும் ஒரு படி அவர்கள் சென்றார்கள். இரண்டாம் அத்தியாயத்தில், ஊஹத்தால் இட்டு நிரப்பிய சொல்லுக்கும், வேள்வி செய்பவரின் பெயருக்கும், அவருடைய குலத்து முனிவர்களின் பெயர்வரிசையான பிரவரத்துக்கும் மந்திரம் என்ற தகுதி உண்டா என்று கேட்டு, இல்லை என்று முடிவு செய்தார்கள். அவை மந்திரத்தின் நடுவே ஓதப்படுகின்றன. ஆயினும் மந்திரத்தின் அதிகாரம் அவற்றுக்குச் சேராது. சர்வர் பராமரிப்பவர்களின் மொழியில் சொன்னால், கட்டளைக்குள் வைத்த தரவு தரவாகவே இருக்க வேண்டும், கட்டளையாகிவிடக் கூடாது. தொலைவுக்குக் கட்டளை அனுப்புவதன் அறம் முழுவதும் இந்த இரண்டு முடிவுகளுக்குள் அடங்கும் என்று கருதுகிறேன். எந்தச் சொல் மாறும், எது மாறாது என்று பிரித்தறிய வேண்டும். நிரப்பியது ஆணையாக உயராமல் காக்க வேண்டும்.

இரண்டாவது முடிவை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு 2014 செப்டம்பர் சான்று. ஸ்டெஃபான் ஷசலா கண்டுபிடித்து, 24-ஆம் தேதி வெளியான ஷெல்ஷாக் என்ற குறை, பாஷ் ஷெல்லில் 1989 முதலே இருந்தது. ஒரு பாஷ், தான் தொடங்கும் இன்னொரு பாஷுக்குச் செயற்கூறுகளைச் சூழல் மாறி வழியாகக் கொடுத்தனுப்பும் வசதி அதில் உண்டு. ஒரு மாறியின் மதிப்பு குறிப்பிட்ட சில குறிகளோடு தொடங்கினால் புதிய பாஷ் அதைச் செயற்கூறின் வரையறையாகப் படித்தது. வரையறை முடிந்த பிறகும் எழுத்துகள் இருந்தால் அவற்றையும் படித்து, கட்டளையாக நிறைவேற்றியது. மதிப்பாக வந்தது ஆணையாக மாறிவிட்டது. இணையதளத்துக்கு வருபவர் அனுப்பும் தலைப்புத் தகவல்கள் சூழல் மாறிகளாக வைக்கப்படும் சர்வர்களில், முகம் தெரியாத எவரும் கட்டளையிடும் நிலை உருவானது. எஸ்எஸ்எச் வழியாக ஒரே ஒரு குறிப்பிட்ட செயலை மட்டும் செய்ய அனுமதி பெற்றவர்களும் வரம்பைத் தாண்ட முடிந்தது. ஏனெனில் அவர்கள் கேட்ட கட்டளையை எஸ்எஸ்எச் சர்வர் ஒரு சூழல் மாறியில் எழுதிவைக்கிறது, அந்த மாறியையும் பாஷ் படித்தது. கடவுச்சொல் திருடப்படவில்லை, மறையாக்கம் உடைக்கப்படவில்லை. நிரப்பும் சொல்லுக்கு மந்திரத் தகுதி இல்லை என்ற வேறுபாடு கைவிடப்பட்டதுதான் நடந்தது. 25 ஆண்டுகள் அது எவர் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணமும் இதிலேயே உண்டு: மாறியை அனுப்புவது தீங்கற்ற செய்தி சொல்லும் வேலை என்றும், கட்டளையிடுவது மட்டுமே அதிகாரம் சார்ந்த வேலை என்றும் எல்லோரும் நம்பினார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இயந்திரத்துக்குப் பொருள் தெரியாது. குறிகளை மாற்றி எழுதுவதைப் பொருள்கோள் என்று அழைப்பது மிகை. அதை வேதவிதியோடு ஒப்பிடுவது சமயத்துக்கும் நியாயமன்று, கணினித் துறைக்கும் நியாயமன்று. மறுப்பின் முதற்பகுதியை ஏற்கிறேன். ஷெல் எதையும் புரிந்துகொள்வதில்லை. ஆனால் இரு முனைகளிலும் மனிதர்கள் இருக்கிறார்கள்: இங்கே கட்டளையை எழுதியவர், அங்கே அந்தக் கணினியை அமைத்தவர், அதில் தம் கோப்புகளை நம்பி வைத்தவர். அவர்களுக்கு இடையே போகும் சொல்லின் பொருளைப் பற்றித்தான் பேசுகிறோம். இயந்திரம் புரிந்துகொள்ளாதது வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. மனிதப் பணியாளர் தவறான ஏவலைக் கேட்டால் தம் நல்லறிவால் அதைத் திருத்திக்கொள்வார். ஏவியவரின் பிழை வெளியே தெரியாமல் போகும். திருத்தாத கேட்பவர் முன்னால்தான் நாம் உண்மையில் என்ன சொன்னோம் என்பது தெரிகிறது. வேதத்தோடு ஒப்பிடலாமா என்ற பகுதிக்கு வரலாறு விடை தந்துவிட்டது. மீமாம்சையின் பொருள்கோள் நெறிகள் வேள்விச்சாலைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை. தர்மசாத்திர உரையாசிரியர்கள் சொத்துரிமை வழக்குகளுக்கும் அவற்றைப் பயன்படுத்தினார்கள். நான் இங்கே எடுத்துக்கொள்வதும் வாசிக்கும் ஒழுங்கை மட்டுமே. வேள்வியின் கண்காணாப் பயனைப் பற்றிய மீமாம்சகரின் நம்பிக்கை அவர்களுடையதாகவே இருக்கிறது.

இரண்டாவது மறுப்பு வலிமையானது. நியாய மரபின் பக்கம் நின்று பேசுவது. ஏவலின் பொருள் ஏவியவரின் கருத்தே. உணவு உண்பவர் சைந்தவம் கேட்டால் உப்பு என்று கொள்கிறோம். பயணம் புறப்படுபவர் கேட்டால் குதிரை என்று கொள்கிறோம். சொல் ஒன்றாக இருந்தும் பொருள் மாறுவதற்குக் காரணம் பேசுபவரின் கருத்து வேறு என்பதுதான். ஆகவே, நல்ல கருத்தோடு அனுப்பிய கட்டளை அங்கே தவறாகப் படிக்கப்பட்டால் அது படித்தவரின் குறை; அனுப்பியவர்மேல் அறக்குற்றம் இல்லை. இந்த வாதத்தின் பழைய எடுத்துக்காட்டையே உற்றுப் பாருங்கள். கேட்ட பணியாளர் ஏவியவரின் மனத்துக்குள் எட்டிப் பார்க்கவில்லை. இலை போட்டிருப்பதையும், பயண மூட்டை கட்டியிருப்பதையும் பார்த்தார். இருவரும் ஒரே கூடத்தில் இருந்ததால் கருத்து, சூழலாகக் கண்ணுக்குத் தெரிந்தது. தொலைவு அந்தப் பொதுக்கூடத்தைப் பறித்துவிடுகிறது. கம்பி வழியே போவது எழுத்துத் தொடர் மட்டும். கருத்து அதன் கூடவே பயணம் செய்வதில்லை. நியாயத்தார் சொல்வதுபோல் கருத்தே பொருளுக்கு ஆதாரம் என்றாலும், அந்த ஆதாரத்தைக் கேட்பவருக்கு எட்டச் செய்யும் சுமை ஏவியவருடையது. குறியாகப் பதிக்காத கருத்து அங்கே கருத்தாக இருப்பதில்லை. என் எண்ணம் நல்லது என்று சொல்பவர், அந்த எண்ணத்தை மேற்கோள் குறியாகவும் எல்லையாகவும் நிபந்தனையாகவும் எழுதினாரா என்று கேட்பது நியாயமான கேள்வி.

எழுதாமல் விட்ட நிபந்தனையின் விலையை 2015 ஜனவரியில் பலரும் பார்த்தார்கள். லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் மென்பொருளின் ஸ்கிரிப்ட் ஒன்று, தன் அடைவின் பெயரை ஒரு மாறியில் வைத்து, அந்த அடைவுக்குள் இருப்பவற்றை முழுவதும் அழிக்கும்படி கட்டளையிட்டது. ஏதோ காரணத்தால் மாறி வெறுமையாகிவிட்டால், மிஞ்சுவது அதற்குப் பின்னால் இருந்த சாய்கோடு. சாய்கோடு என்பது கணினியின் வேர் அடைவு. பயனருக்கு அழிக்கும் உரிமை உள்ள கோப்புகள் அனைத்தும் அழிந்தன. இது ஒரே கணினிக்குள் நடந்தது. தொலைவில் இந்த அபாயம் இன்னும் பெரிது. நாம் அனுப்ப விரும்பும் சூழல் மாறியை எதிர்முனை ஏற்காவிட்டால் எஸ்எஸ்எச் எச்சரிக்கை எதுவும் தராமலேயே அதை விட்டுவிடுகிறது. அங்கே அந்த மாறி வெறுமையாக விரிகிறது. மீமாம்சையின் 10-ஆம் அத்தியாயம் இந்த இடத்தில் ஒரு நெறியைத் தருகிறது. உமி நீங்குவதற்காகத் தானியத்தைக் குத்த வேண்டும் என்பது மூல வேள்வியின் விதி. தானியத்துக்குப் பதிலாகப் பொற்குன்றிமணிகளைப் பயன்படுத்தும் விகிருதியில் உமியே இல்லை. அங்கே குத்தும் செயல் நின்றுவிட வேண்டும் என்பது அவர்களின் முடிவு. நோக்கம் இல்லாத இடத்தில் ஏவல் தடைபடுகிறது. இப்படித் தடைபடுவதைப் பாதம் (bādha) என்பார்கள். நல்ல ஸ்கிரிப்டுக்கும் அந்தத் தடை வேண்டும். மதிப்பில்லாத மாறியைக் கண்டதும் நிற்கும்படி ஷெல்லைப் பணிக்கலாம்; குறிப்பிட்ட மாறி வெறுமையாக இருந்தால் பிழை சொல்லி வெளியேறும்படி ஒற்றை வரியில் எழுதலாம். இவை போர்ன் ஷெல் காலத்திலிருந்தே கிடைக்கும் வசதிகள். பயன்படுத்தாமல் விட்டவர், இல்லாத உமியைக் குத்தும்படி ஏவியவர்.

மூன்றாவது மறுப்பு வழியைச் சுருக்கப் பார்க்கிறது. பிரிப்பதில்தானே சிக்கல், எல்லாவற்றையும் இங்கேயே விரித்து, முடிந்த சொல்லாக அனுப்பிவிடலாம், அல்லது எல்லாவற்றையும் அங்கேயே விரியும்படி விட்டுவிடலாம். திருக்குறளின் 69-ஆம் அதிகாரமான தூதுக்கு உரை கண்ட பரிமேலழகர், தூதர் இருவகையினர் என்கிறார்: தாமே வகுத்துச் சொல்பவர், சொன்னதையே சொல்பவர். அரசுக்கு இருவரும் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. ஒரே வகையால் எல்லாப் பணியும் நடக்காது. ஓர் எடுத்துக்காட்டு. சென்னையிலிருந்து பல நாடுகளில் உள்ள கணினிகளுக்கு அன்றைய தேதியைப் பெயராகக் கொண்ட காப்புநகல் எடுக்கும்படி நள்ளிரவுக்குப் பின் கட்டளை போகிறது என்று கொள்வோம். தேதியை அங்கங்கே விரிய விட்டால், கிரீன்விச் நேரத்தில் ஓடும் கணினி இந்திய நேரம் காலை 5.30 வரை முந்தைய நாளின் பெயரையே இடும். ஒரே இரவின் நகல்கள் இரண்டு பெயர்களில் சிதறும். தேதி இங்கேயே முடிவாக வேண்டும். அதே கட்டளையில் நகல் வைக்கப்படும் இல்ல அடைவோ கணினிக்குக் கணினி வேறு. அதை இங்கே விரித்தால் பெரும்பாலான இடங்களில் இல்லாத அடைவைச் சுட்டும். அது அங்கேதான் முடிவாக வேண்டும். ஒரே வரியில் ஒரு சொல் சொன்னதையே சொல்லும் தூது. அடுத்த சொல் வகுத்துச் சொல்லும் தூது. இந்தப் பிரிவினையைத் தவிர்க்க வழியில்லை. எல்லாம் என் சொல்லே என்பவர் அங்குள்ள நிலையை அறிய மறுக்கிறார். எல்லாம் உன் விருப்பமே என்பவர் தம் பொறுப்பைக் கைவிடுகிறார்.

இதுவரை ஏவுபவரின் கடமையைப் பேசினேன். கேட்கும் இடத்துக்கும் உரிமை உண்டு. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்த வாதம் நிறைவடையாது. 1995-இல், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் டெல்நெட் சர்வர்கள் பற்றி ஒரு பாதுகாப்பு எச்சரிக்கை வந்தது. இணைபவர் தம் சூழல் மாறிகளை அனுப்பலாம் என்ற வசதி அந்தச் சர்வர்களில் இருந்தது. அனுப்பியவற்றைச் சர்வர் கேள்வியின்றி ஏற்றது. எந்த நிரலகத்தை ஏற்ற வேண்டும் என்று கணினிக்குச் சொல்லும் மாறியையும் அப்படி அனுப்பி, உள்நுழைவுச் சோதனையையே தாண்ட முடிந்தது. இத்தகைய அபாயத்தைக் கருதி ஆர்எஃப்சி 4254, ஏற்கத் தகுந்த மாறிப்பெயர்களின் பட்டியலை வைத்துக்கொள்ளும்படி, அல்லது சர்வர் நிரல் தன் சிறப்பு உரிமைகளைப் போதிய அளவு கைவிட்ட பிறகே மாறிகளை அமைக்கும்படி அறிவுரை சொல்கிறது. ஓபன்எஸ்எஸ்எச் சர்வர், அமைப்பவர் அனுமதி தரும்வரை வெளியிலிருந்து வரும் பொதுவான மாறிகளை ஏற்பதில்லை. இதை அவநம்பிக்கை என்று குறைசொல்வோர் உண்டு. சாவி கொடுத்து உள்ளே விட்டபின் சொல்லை ஏன் வடிகட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்கிறார்கள். உள்ளே வர அனுமதி பெறுவதும், உள்ளிருக்கும் சொற்களுக்குப் பொருளை மாற்ற அனுமதி பெறுவதும் ஒன்றாகா என்பதே விடை. கட்டளை ஒரு செயலைக் கேட்கிறது; சூழல் மாறியோ இனி வரும் எல்லாச் செயல்களும் எப்படிப் புரிந்துகொள்ளப்படும் என்பதையே தொடுகிறது. தன் இடத்தில் சொற்கள் எப்படிப் பொருள்படும் என்று முடிவு செய்யும் உரிமையை ஓர் இடம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. அந்த உரிமையை மதித்தே அனுப்ப வேண்டும். அனுப்பியது ஏற்கப்பட்டது என்று எண்ணிக்கொள்ளாமல் சரிபார்க்கவும் வேண்டும்.

கடைசி மறுப்பு, இவையெல்லாம் தொழில்திறன் சார்ந்தவை, அறம் சார்ந்தவை அல்ல என்பது. மதிப்புகளை ஷெல்லுக்கேற்ற மேற்கோளோடு எழுதித் தரும் வசதி பாஷிலேயே இருக்கிறது; அதைக் கற்றுக்கொண்டால் போதும், மெய்யியல் எதற்கு? கருவி வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வசதியையே பாருங்கள். மதிப்புக்குள் புதுவரிக் குறி போன்றவை இருந்தால் பாஷ் தனக்குரிய ஒரு மேற்கோள் வடிவத்தில் அதை எழுதுகிறது. எதிர்முனையில் எளிமையான வேறு ஷெல் இருந்தால் அந்த வடிவம் புரியாமல் போகலாம். காக்கும் கருவியைச் சரியாகப் பயன்படுத்தவும், அங்கே இருப்பது யார், எப்படிப் படிப்பவர் என்று முதலில் அறிய வேண்டும். எஸ்சிபி என்ற கோப்பு நகலெடுக்கும் கருவியும் இதையே கற்பித்தது. நெடுங்காலம் அது அனுப்பிய கோப்புப் பெயரை எதிர்முனை ஷெல் கட்டளைத் துண்டாகவே படித்தது. பெயரில் இடைவெளி இருந்தால் இருமுறை மேற்கோளிட வேண்டியிருந்தது. 2022 ஏப்ரலில் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 அந்தப் பழைய முறையை இயல்புநிலையிலிருந்து நீக்கி, கோப்புப் பெயரைப் பெயராகவே கொண்டுசெல்லும் எஸ்எஃப்டிபி முறைக்கு மாறியது. பழைய ஸ்கிரிப்டுகள் சில தடுமாறும் என்று தெரிந்தே அவர்கள் அதைச் செய்தார்கள். தரவுக்குக் கட்டளையின் அதிகாரம் கூடாது என்ற முடிவு வசதியைவிட மேலானது என்று தீர்மானிப்பது திறன் மட்டும் ஆகாது; அது ஒரு மதிப்பீடு. எவருடைய இழப்பை நம் சிரமத்துக்கு மேலாக எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்த மதிப்பீடு.

ஆகவே தொடக்கத்தில் கேட்டதற்கு என் விடை, மீமாம்சைக்கும் நியாயத்துக்கும் இடையில் நின்று இருவரிடமும் கடன்பட்டது. பொருள் நிறைவாவது செயலாகும் இடத்தில். அந்த அளவில் மீமாம்சை சரி. அங்கே நிறைவாகப்போகும் பொருளுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர் கருத்துடைய ஒரு மனிதர். அந்த அளவில் நியாயம் சரி. இவ்விரண்டையும் ஒருசேர ஏற்றால் நடைமுறை தானே தெளிவாகிறது. இங்கே முடிவானதை முடிவாகவே அனுப்ப வேண்டும். அங்கே முடிவாக வேண்டியதைத் தொடாமல் அனுப்ப வேண்டும். மாறாத கட்டளைச் சொற்களை ஒரு வழியிலும், மாறும் தரவை உள்ளீட்டு ஓடை போன்ற வேறு வழியிலும் அனுப்பி, இரண்டும் கலக்காமல் வைக்க வேண்டும். மதிப்பு வந்து சேராவிட்டால் செயல் நிற்கும்படி எழுத வேண்டும். எதிர்முனை எதை ஏற்கிறது என்று அறிந்து, அதன் மறுப்பை மதிக்க வேண்டும். கட்டளையிடும் அதிகாரம் இன்று மிக எளிதாகக் கிடைக்கிறது. ஒரே வரியால் ஆயிரம் கணினிகளை ஏவலாம், அவற்றுக்குப் பின்னால் இருக்கும் ஆயிரக்கணக்கான மனிதரின் உழைப்பைத் தொடலாம். அத்தனை தொலைவுக்குச் சொல்லை அனுப்புபவர், தம் சொல் அங்கே என்னவாகப் படிக்கப்படும் என்று கேட்காமல் அனுப்பினால், விளைந்த தீங்குக்கு என் எண்ணம் அதுவல்ல என்ற பதில் போதாது. அந்தக் கேள்வியைக் கேட்டு, விடையைக் கட்டளைக்குள்ளேயே எழுதி வைத்தவருக்கே தொலைவிலிருந்து ஏவும் தகுதி உண்டு.